பிளேடு எடுத்த பெட்டிகள்

ஆண்டர்சன்பேட்டையில் அந்தக் கொட்டகை திறந்தபோது நான் பெங்களூரில் ஒரு துணி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் போய் நிற்கவேண்டும். பங்காருபேட்டை தாண்டினால் உட்கார இடம் கிடைக்காது. திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். என் மகள் என்னோடு பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று ஆகியிருந்தது. அதனால், பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றை யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும் மறுநாளே போய் நின்றேன்.

முதலாளி பங்காருபேட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு, ஆபீசுகளில் கன்னடம், எங்களிடம் தமிழ். அதுவரை ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் விற்றுக்கொண்டிருந்தவர். பெங்களூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி அவருக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் ஆர்டர் கொடுக்கும். சாமான்கள் எங்கெங்கிருந்தோ வரும். அவற்றை எண்ணி, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒட்டி அனுப்புவது எங்கள் வேலை.

என்ன பெட்டி என்று முதல் நாள் அவரே ஒன்றைத் திறந்து காட்டினார். பிரசவப் பெட்டி. வெள்ளத்திலோ சண்டையிலோ ஊரைவிட்டு ஓடிய ஒரு பெண்ணுக்கு, ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் வலி எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் கையில் என்னவெல்லாம் இருக்கவேண்டுமோ அவை. தரையில் விரிக்க ஒரு நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, கை கழுவ சோப்பு, கையுறை, தொப்புள்கொடியைக் கட்டச் சுத்தமான நூல், அறுக்க ஒரு பிளேடு, பஞ்சு, தாய்க்குத் துணி, குழந்தையைச் சுற்ற ஒரு மெத்தென்ற துண்டு, சின்னக் குல்லா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒன்றன்பின் ஒன்றாகப் படம் போட்ட ஒரு தாள். இவ்வளவும் ஒரு செருப்புப் பெட்டி அளவில் அடங்கிவிடும்.

வேலை செய்த பெண்கள் எல்லோரும் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் வீட்டுப் பெண்கள்தான். எங்களில் மூத்தவர் ஒரு அக்கா. சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர். சுரங்கம் மூடியபோது அந்த வேலையும் போனது. அதன்பிறகு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். வாய் கொஞ்சம் நீளம். முதலாளி உட்பட யாரையும் விடமாட்டார். ஆனால் அவர் மடித்த துண்டில் ஒரு சுருக்கம் இருக்காது.

அந்தக் கொட்டகையில் எங்களுக்கு இருந்த பெரிய எதிரி காற்று. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் வெள்ளை மண் எல்லா இடுக்கிலும் நுழையும். பெட்டிக்குள் ஒரு துளி தூசி இருக்கக் கூடாது. ஜன்னல்களை எல்லாம் பாலிதீன் வைத்து ஒட்டிவிட்டோம். மின்விசிறியும் போடக் கூடாது. கோடையில் உள்ளே உட்கார்ந்தால் சுரங்கத்துக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். எங்கள் அப்பா கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கிப்போன ஆழத்தின் வெக்கையைப் பற்றி வீட்டில் சொல்வார். அது என்னவென்று எனக்கு அந்தக் கொட்டகையில்தான் ஓரளவு தெரிந்தது. ஆனாலும் ரயிலுக்கு ஓடவேண்டியதில்லை. மதியம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுவிட்டு வரலாம். அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

முதலில் போன பெட்டிகள் ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு வெள்ளத்துக்கு. பிறகு கொஞ்ச நாள் வேலை மந்தமாக இருந்தது. ஒரு நாள் முதலாளி வந்து, பெரிய ஆர்டர், கூடுதலாக ஆள் வேண்டும் என்றார். அக்காதான் எப்போதும்போல எந்த ஊருக்கு என்று கேட்டார். காசாவுக்கு என்றார் முதலாளி. பாலஸ்தீனம்.

எங்களுக்கு அது தெரியாத பெயர் இல்லை. போர் தொடங்கியதிலிருந்து எல்லோருடைய போனிலும் அந்த இடிந்த வீடுகள் வந்துகொண்டுதான் இருந்தன. பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவோம், வேறென்ன செய்வது. ஆனால் அன்றைக்கு மேஜைமேல் காலிப் பெட்டிகள் வந்து குவிந்தபோது, அந்தப் படங்களில் இருக்கும் பெண்களுக்குத்தான் இவை என்று நினைக்க ஒரு மாதிரி இருந்தது. முதலாளி சந்தோஷமாக இருந்தார். எங்களுக்கும் வேலை கூடியதில் சந்தோஷம்தான். எங்கோ ஒரு ஊர் இடிந்ததால் எங்கள் அடுப்பு எரிகிறது என்ற எண்ணம் எனக்கு மட்டும் வந்ததா, மற்றவர்களுக்கும் வந்ததா தெரியாது.

ஒரு தூரத்து நாட்டின் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. உதவி நிறுவனம் அந்தப் பணத்தில் வாங்குகிறது. பெட்டிகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் எகிப்துக்குப் போகும். அங்கிருந்து லாரியில் எல்லைக்கு. எல்லையில் சோதனை. பிறகுதான் உள்ளே. இதை முதலாளி ஒரு காகிதத்தில் கோடு போட்டு எங்களுக்கு விளக்கினார்.

நான் அந்த வேலையில் மிகவும் கறாராக இருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சுரங்கம் மூடிய பிறகு, தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அடுப்பு எரியாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒரு வேனில் பழைய துணி மூட்டைகள் வரும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்தவை. வரிசையில் நின்ற எனக்கு ஒரு கோட்டு கிடைத்தது. நல்ல நீலம். போட்டுப் பார்த்தால் ஜிப் மேலே ஏறவில்லை. பல் உடைந்திருந்தது. ஒரு பனிக்காலம் முழுவதும் அதைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் அந்த ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். அதனால் எங்கள் பெட்டியைத் திறக்கும் பெண்ணுக்கு எதுவும் குறையக் கூடாது என்று இருந்தேன். கையுறையை ஊதிப் பார்ப்பேன். நூலை இழுத்துப் பார்ப்பேன். மற்ற பெண்கள் என்னை மாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த ஆர்டர் பாதி முடிந்திருந்தபோது உதவி நிறுவனத்திலிருந்து ஒருவர் சோதனைக்கு வரப்போவதாகச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் யாரோ வருவார் என்று நினைத்துக் கொட்டகையைக் கழுவித் துடைத்து வைத்தோம். காரிலிருந்து இறங்கியது எங்கள் வயதுப் பெண் ஒருத்தி. தலையில் சாம்பல் நிற முக்காடு, தோளில் ஒரு பெரிய பை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி ஷூ. ஜோர்டானில் இருக்கும் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றார். சொந்த ஊர் காசா. அங்கே மருத்துவச்சியாக இருந்தவர். ஏதோ பயிற்சிக்காக வெளியே வந்திருந்த நேரத்தில் போர் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு திரும்பிப் போக முடியவில்லை.

அவர் பேசிய இங்கிலீஷை நான் தமிழாக்கிச் சொன்னேன். அடுக்கியிருந்ததில் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவித் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். நூலை அவரும் இழுத்துப் பார்த்தார். எனக்கு அது பிடித்தது. கடைசியாக, அடியில் கிடந்த பிளேடு உறையைக் கையில் எடுத்து, இதை மேலே வையுங்கள் என்றார். அங்கே கரண்ட் கிடையாது, இருட்டில் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித் தேடும்படி ஆகக் கூடாது, மூடியைத் திறந்ததும் கைக்குத் தட்டுப்படவேண்டும் என்றார். அன்றிலிருந்து பிளேடை வெள்ளை உறையில் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம்.

மதியம் முதலாளி அவருக்கு ஓட்டலிலிருந்து பிரியாணி வாங்கிவைத்திருந்தார். அவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து, அக்காவின் டப்பாவில் இருந்த களியையும் கீரைக் குழம்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். களியை மெல்லக் கூடாது, விழுங்கவேண்டும் என்று அக்கா சைகையில் காட்டியதும் சிரித்தார். பிறகு அவர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். அவர் பிறந்தது அகதி முகாமில். பாட்டன் காலத்திலிருந்தே மாவு உதவியாகத்தான் வரும். மூட்டையில் கொடுத்த நாட்டின் பெயர் அச்சிட்டிருக்கும். அம்மா மூட்டையின் தையலைக் கிழியாமல் பிரித்து, துவைத்து, தலையணை உறை தைப்பார். சலவைக்குப் பிறகும் எழுத்து போகாது. ஒரு நாட்டின் பெயரில் கன்னத்தை வைத்துத்தான் சின்ன வயதில் தூங்கினேன் என்றார். எந்த நாடு நல்ல நாடு என்று மாவை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாக்கடை சுத்தம் செய்யும் இடம், எல்லாமே வெளிநாட்டுப் பணத்தில் கட்டியவை, வாசலில் ஒரு பலகையும் கொடியும் இருக்கும் என்றார். சண்டையில் இடியும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி ஒரு பலகை. அவருடைய அப்பா கணக்கு வாத்தியார். ரேஷன் வரிசையில் நிற்க மட்டும் போகவே மாட்டார், அம்மாவைத்தான் அனுப்புவார். இப்போது அந்த அப்பா தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நிற்கிறார் என்றார்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம். உங்கள் ஊரில் சொந்தமாக வேலையே கிடையாதா என்று கேட்கச் சொன்னார். கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“வேலை இருந்தது. வேலைக்குப் போகிற வழியைத்தான் மூடிவிட்டார்கள்” என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினார்.

கிளம்பும்போதுதான் தங்கையைப் பற்றிச் சொன்னார். கடற்கரையோரம் ஒரு கூடாரத்தில் இருக்கிறாள், முதல் பிள்ளை வயிற்றில். அக்கா உடனே எழுந்துபோய், தான் அடுக்கிய பெட்டி ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

“இத்த நீயே எட்த்துனு போய் ஒன் தங்கச்சி கையில குட்த்துடும்மா. லாரி கீரின்னு எதுக்கு?”

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். கண் நிறைந்திருந்தது.

“நான் போக முடிந்தால் பெட்டியே வேண்டாம். என் கை போதும்” என்றார்.

பெட்டியைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லோரையும் ஒருமுறை கட்டிக்கொண்டார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

காசாவுக்கான முதல் சரக்கு கொட்டகை வாசலிலிருந்து லாரியில் ஏறிய நாளில் தெருவே நின்று பார்த்தது. முதலாளி லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பக்கத்து மளிகைக் கடைக்காரர் எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து, நல்ல காரியம் செய்கிறீர்கள் என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கணவரிடம் சொன்னேன். பெங்களூரில் பெயிண்ட் வேலைக்குப் போய்த் திரும்பிய அலுப்பில் அவர் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. பிறகு வெகுநாள் ஒன்றும் இல்லை. நாங்கள் அடுத்த சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்த மருத்துவச்சி அவ்வப்போது எனக்கு ஒரு வரி அனுப்புவார்: பெட்டிகள் எல்லைக்கு இந்தப் பக்கம் கிடங்கில் இருக்கின்றன. பிறகு: லாரியில் ஏற்றியாயிற்று, வரிசையில் நிற்கின்றன. பிறகு: இன்னும் வரிசையில்தான். லாரிகள் நிற்கும் ரோட்டின் படம் ஒன்று அனுப்பினார். பாலைவனத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை லாரிகள். டிரைவர்கள் சக்கர நிழலில் படுத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி வந்தபோது முகம் சரியில்லை. பெங்களூரிலிருந்து போன் வந்ததாம். நம் பெட்டி இருந்த லாரிகளைச் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே பிளேடு இருக்கிறதாம். கூர்மையான இரும்பு எதுவும் போகக் கூடாதாம். ஒரு லாரியில் ஒரு சாமான் கூடாது என்றால் மொத்த லாரியும் திரும்பவேண்டும். அதே லாரியில் வேறு யாரோ அனுப்பிய பால்மாவும் பருப்பும்கூட எங்கள் பெட்டியால் திரும்பி வந்துவிட்டன. அடுத்த சரக்கில் பிளேடு இருக்கக் கூடாது. ஏற்கனவே ஒட்டி அடுக்கிவைத்த பெட்டிகளை எல்லாம் பிரித்து எடுத்துவிடவேண்டும்.

அக்காதான் பேசினார்.

“பிளேடு இல்லாம கொடிய இன்னாத்தால அறுக்கறது சார்? பல்லாலயா?”

“எனக்கும் பொண்ணு கீறா மா. நான் இன்னா செய்ய முடியும், சொல்லுங்க. பிளேடு இருந்தா ஒண்ணுமே உள்ள போவாது. எடுத்துட்டா மீதியாச்சும் போவும்.”

“மீதி போய் இன்னாத்துக்கு?”

முதலாளி வெளியே போய் ஸ்கூட்டரின்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். அக்கா கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் ஒரு பெட்டியையும் தொடவில்லை. முதலாளியும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் வேலையை ஆரம்பித்தோம். டேப்பைக் கத்தியால் கீறித் திறக்கவேண்டும். வெள்ளை உறை மேலேயே இருந்ததால் எடுப்பது சுலபமாக இருந்தது. தேடவேண்டிய அவசியமே இல்லை. எடுத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, மறுபடி டேப் ஒட்டினோம். படம் போட்ட தாளை மாற்ற நேரமில்லை, அப்படியே இருக்கட்டும் என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளில் ஒரு கட்டத்தில் கொடியைப் பிளேடால் அறுக்கும் படம் இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காமல் மூடியை மூடப் பழகிக்கொண்டேன். பேசிப் பேசி வேலை செய்கிற கூட்டம் எங்களுடையது. அன்று டேப் கிழியும் சத்தம் மட்டும்தான்.

அக்கா மறுநாள் வேலைக்கு வந்தார். ஆனால் பிளேடு எடுக்கும் மேஜைப் பக்கம் வரவில்லை. துண்டு மட்டும் மடித்துக் கொடுத்தார்.

அந்தச் சரக்கில் ஒரு பகுதி கிளம்பிப் போன சமயத்தில் தங்கைக்குப் பிரசவம் ஆகிவிட்டது. மருத்துவச்சி எனக்கு நீளமாக ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். பொதுவாக ஓரிரு வரிதான் எழுதுவார், அதனால் பிளே பண்ணவே பயமாக இருந்தது. கூடாரத்தில்தான் பிறந்ததாம். பக்கத்துக் கூடாரத்துக் கிழவி பார்த்தார். இவர் போனில் ஜோர்டானிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உதவிச் சாமானில் வந்த பயறு டின்னின் மூடியை நெருப்பில் காட்டி, அதைக் கொண்டு கொடியை அறுத்திருக்கிறார்கள். கட்டுவதற்குத் தாயத்துக் கயிறு. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

படம் வந்தது. ஆம்பிளை ஸ்வெட்டர் ஒன்றில் சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது, சிவப்பாக, கோபமாக. எல்லோரும் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். அக்கா போனை வாங்கி, வயிறு தெரிகிற இன்னொரு படத்தைப் பெரிதாக்கி, கொடி கட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் கட்டிகீறாங்க” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று மதியம் ஒரு பெண் கடைக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கிவந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் குழந்தை எங்கள் கொட்டகைப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. படம் வராத நாட்களில் கேட்பார்கள். ஒரு படத்தில் கொட்டாவி விட்டது. ஒரு படத்தில் கணக்கு வாத்தியார் தாத்தாவின் விரலைப் பிடித்திருந்தது. தாய்க்குச் சரியாகச் சாப்பாடு இல்லை, பால் போதவில்லை, பால்மாவு தேடுகிறார்கள் என்றும் இடையிடையே செய்தி வரும். அதை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை. அக்காவிடம் மட்டும் சொல்வேன்.

அங்கே மழைக்காலம் வந்தது. கூடாரங்கள் வெள்ளத்தில் மிதக்கும் படங்கள் டீவியிலும் வந்தன. எங்கள் ஊரிலும் அப்போது நல்ல பனி. நான் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் ஒரே ஒரு வரி. விடிகாலையில் பார்த்தபோது குழந்தை சில்லிட்டிருந்தது, அவ்வளவுதான். தக்காளிக்காரம்மா எவ்வளவு போட என்று இரண்டு மூன்று முறை கேட்டிருக்கவேண்டும். நான் கூடையை அங்கேயே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தேன்.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அழவில்லை.

“கொடியிலேர்ந்து விஷம் ஏறிச்சா, குளிரா?”

தெரியவில்லை என்றேன். கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. அக்கா, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒருமுறை தப்பாகச் சொல்லிப் பார்த்து, பிறகு சரியாகச் சொன்னார். உள்ளே போய்த் துண்டு மடிக்க உட்கார்ந்தார். மற்ற பெண்களுக்கு நான் சாயங்காலம்தான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து பௌர்ணமி. எங்கள் குடும்பம் புத்த விகாரைக்குப் போகிற குடும்பம். விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற நாட்களில் மகள் படிப்பு, கணவர் முழங்கால் வலி என்று ஏதாவது மனதில் ஓடும். அன்று எதுவும் ஓடவில்லை. மற்றவர்கள் எழுந்தபோது நானும் எழுந்து வந்துவிட்டேன்.

மருத்துவச்சிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பல நாள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், அக்கா தினமும் உங்கள் தங்கையைப் பற்றிக் கேட்கிறார் என்று மட்டும் அனுப்பினேன். அது உண்மைதான்.

கோடை தொடங்கும்போது வேலை நின்றது. பணம் கொடுத்துக்கொண்டிருந்த அந்தத் தூரத்து நாட்டில் அரசாங்கம் உதவிப் பணத்தை வெட்டிவிட்டதாம். உதவி நிறுவனத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆர்டர் ரத்து. இதையும் முதலாளி போனில்தான் கேட்டார். அந்த நாட்டின் பெயரை அதற்குமுன் நாங்கள் பெட்டியின் ஸ்டிக்கரில் மட்டும்தான் பார்த்திருந்தோம். அங்கே யாரோ ஒருவர் போட்ட கையெழுத்தில் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கதவு சாத்தப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கூடாரத்தில் இருக்கும் பெண்களையே தெரியாதபோது எங்களை எங்கே தெரியும்.

முதலாளி எங்களை ஏமாற்றவில்லை. சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். ஆனால் கொட்டகையில் மிச்சம் இருந்த பெட்டிகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இங்கே இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாம் என்று அலைந்தார். வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கை வாங்கிக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் பிரித்து விற்றார். சோப்பு தனியாக, துண்டு தனியாக, விரிப்பு தனியாக. சந்தை நாளில் ரோட்டோரம் ஒரு தார்ப்பாயில் அவை குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். குல்லாக்களை ஒரு பொம்மைக் கடைக்காரர் மொத்தமாக வாங்கிப்போனார்.

அந்த வருடம் மழை பெரியது. எங்கள் லைன் வீடுகளின் கூரைத் தகடெல்லாம் கம்பெனிக் காலத்தவை, மாற்றுவதற்கு ஆளில்லை. ஒழுகுகிற வீடுகளுக்கெல்லாம் மேலே அந்த நீல விரிப்புகள் ஏறின. கல்லை வைத்துக் கட்டியிருந்தார்கள். நல்ல பிளாஸ்டிக், ஒரு சொட்டு இறங்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். எங்கள் வீட்டிலும் சமையலறை மூலையில் ஒழுகியது. கணவர் ஒன்று வாங்கி வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பாத்திரம் வைத்துச் சமாளித்தோம்.

நான் மறுபடி ரயிலுக்குப் போக ஆரம்பித்தேன். மற்ற பெண்களில் சிலர் என்னோடு வந்தார்கள், சிலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. பழையபடி கல்யாண மண்டபத்துக்கே போனார்.

மருத்துவச்சிக்கும் வேலை போய்விட்டது. இப்போது ஜோர்டானில் ஏதோ ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறார். நடுவில் பல மாதம் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. சண்டை கொஞ்சம் நின்று, லாரிகளை உள்ளே விடுகிறார்கள் என்று செய்திகளில் வந்த சமயத்தில் திடீரென்று எழுதினார். நம் இரண்டாவது சரக்கில் சில பெட்டிகள் உள்ளே போயிருக்கின்றன. தங்கை அங்கே ஒரு கூடார கிளினிக்கில், பிரசவம் பார்ப்பவருக்குத் துணையாக இருக்கிறாள். துண்டும் விரிப்பும் நன்றாக உதவுகின்றன, அறுப்பதற்கு அவர்களே ஏதோ ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். பெட்டிகளை அடுக்கிய பெண்களை எனக்குத் தெரியும் என்று தங்கையிடம் சொன்னேன், அவள் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள் என்று எழுதி, ஒரு குரல்செய்தியை அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பின்பக்கம் அண்டாக்களுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை சாம்பல். போனை அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். சின்னக் குரல், அரபியில், நிதானமாக. பின்னால் எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடியது. ஒரு குழந்தை அழுதது, யாருடைய குழந்தையோ.

“இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?”

மருத்துவச்சி எழுதியிருந்த அர்த்தத்தைப் படித்தேன். துண்டை இவ்வளவு நன்றாக மடித்தது யார் என்று கேட்கிறாள். உங்களுக்கெல்லாம் பிள்ளைகள் இருக்கிறார்களா, நலமா என்று கேட்கிறாள்.

அக்கா, இன்னொரு தரம் போடு என்றார். போட்டேன். புரியாத அந்தப் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி கேட்டார். உள்ளே பந்தி முடிந்துவிட்டது போல. இலைகளையும் பாத்திரங்களையும் கொண்டுவந்து கொட்டினார்கள். யாரோ அக்காவை அதட்டிக் கூப்பிட்டார்கள்.

“எனக்கு ரெண்டு புள்ளிங்கோ, நல்லா கீறாங்கன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போனார். நான் அங்கேயே நின்று அதை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன்.